சொன்ன நன்றியைத் திரும்பப் பெறுதல்

அனுப்புநர்:
கேடயக் கடைக்காரர்,
பேருந்து நிலையத்தின் எதிர்ச் சந்து,
மாடிப்படிக்குக் கீழ் உள்ள கடை.
(சந்துக்குள் நுழைந்து “நன்றியுரை கடை” என்று கேட்டால் காட்டுவார்கள்.)

பெறுநர்:
உயர்திரு தலைமை அலுவலர் அவர்கள்,
சுற்றுச்சூழல் அனுமதிப் பிரிவு,
மாவட்ட அலுவலகம், இரண்டாம் தளம்.

பொருள்: வாய்க்கால் கரையில் அமையவுள்ள பழைய பேட்டரி உருக்கும் ஆலை – மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் – அதில் என்னால் ஆற்றப்பட்ட நன்றியுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதி கோருதல் – என் மகள் கேட்ட கேள்வியைக் கூட்டக் குறிப்பில் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ள கூட்டக் குறிப்பின் கடைசிப் பத்தி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சொன்ன நன்றியைத் திரும்பக் கேட்டு ஒருவன் மனுப் போடுவது தங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக இருக்கலாம். எனக்கும் புதிதுதான். இதற்கென்று தனிப் படிவம் உண்டா என்று தங்கள் அலுவலக வாசலில் விசாரித்தேன். அங்கிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வெள்ளைத்தாளில் எழுதித் தரச் சொன்னார். அவ்வாறே எழுதுகிறேன்.

1. நான் கேடயம், கோப்பை, நினைவுப் பரிசு ஆகியவற்றில் பெயர் பொறித்துக் கொடுக்கும் தொழில் செய்து வருகிறேன். ஊரில் எந்த நிகழ்ச்சி நடந்தாலும் பொருளைக் கொண்டுபோய் மேடையில் சேர்த்துவிட்டு, கடைசிக் கேடயம் கைமாறும் வரை ஓரமாக நிற்பது என் வழக்கம். பல வருடங்களுக்கு முன்பு ஒரு விளையாட்டு விழாவில் நன்றி சொல்ல வேண்டியவர் வராமல் போய்விட்டார். ஓரமாக நின்றிருந்த என்னை மேடையில் ஏற்றிவிட்டார்கள். நன்றாக வந்தது. அன்றிலிருந்து பள்ளி ஆண்டு விழா, கண் சிகிச்சை முகாம், வியாபாரிகள் சங்கக் கூட்டம் எதுவானாலும் நன்றியுரை என்னுடையது. என் பெயரே மறந்துபோய் என்னை ‘நன்றியுரை’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

2. என் நன்றி எவ்வளவு மலிவானது என்பதை அலுவலகம் அறிய வேண்டும் என்பதால் இதையும் குறிப்பிடுகிறேன். பாதியில் மழை வந்து கலைந்த ஒரு விழாவில், “அழையாமலே வருகை தந்த மழைக்கும்” நான் நன்றி சொல்லியிருக்கிறேன். தலைமையாசிரியர் ஒருவருக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில், “இந்தக் கூட்டம் நடைபெற முழுமுதற் காரணமாக இருந்த மறைந்த தலைமையாசிரியர் அவர்களுக்கும்” நன்றி சொல்லிவிட்டேன். அவருடைய மனைவியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மைக்கைப் பிடித்தால் என் வாய் பாட்டுக்கு ஓடும், நான் பின்னால்தான் வருவேன். ஆகவே நான் நன்றி சொன்னதையெல்லாம் நான் ஏற்றுக்கொண்டதாகப் பொருள் கொண்டால், அந்தத் தலைமையாசிரியர் இறந்ததையும் நான் வரவேற்றதாக ஆகிவிடும் என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறேன்.

3. இனி ஆலை விஷயம். பழைய பேட்டரிகளை உடைத்து அவற்றிலுள்ள ஈயத்தை உருக்கி எடுக்கும் ஆலை இது. அதன் கிழக்குச் சுவர் வரப்போகும் இடத்தை ஒட்டி ஒரு பழைய கிடங்கு இருக்கிறது. என் மகள் அதை வாடகைக்கு எடுத்துக் குழந்தைகள் காப்பகம் நடத்தி வருகிறாள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் குழந்தைகளை அங்கே விட்டுவிட்டு, வேலை முடிந்ததும் வந்து தூக்கிப் போகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கிடங்குதான். சுவரில் பழைய எண்கூட அழியவில்லை. உள்ளே போனால் கூரைக் கம்பிகளில் தொட்டில்கள் தொங்கும். குழந்தையின் கை எட்டும் உயரம் வரை சுவரில் பச்சை வண்ணம் பூசியிருக்கும், ஏனென்றால் அந்த உயரத்துக்குக் கீழே எதுவும் வெள்ளையாக இருக்காது. என் பேத்தியும் அங்கேதான் தவழ்கிறாள்.

4. ஆலையால் சுற்றுப்புறத்துக்கு என்ன ஆகும் என்று ஆராய்ந்து எழுதிய அறிக்கையின் சுருக்கத்தை, நம் மொழியில், பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருப்பதாக அறிவிப்பு வந்தது. பார்வைக்குத்தான் வைத்திருந்தார்கள். பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் அதன் அட்டை நன்றாகத் தெரிந்தது. சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருந்தார். என் மகள் விடாமல் நடந்து, அவர் பணிக்குத் திரும்பிய அன்று, அலமாரிப் பக்கத்திலேயே நின்று படித்தாள். “படிச்சிட்டு என்னம்மா பண்ணப் போற?” என்று அவர் கேட்டாராம். அதில் ஒரு பக்கத்தில், ஆலையின் கிழக்கே “பயன்பாட்டில் இல்லாத கிடங்கு ஒன்று உள்ளது, மக்கள் நடமாட்டம் இல்லை” என்று இருக்கிறது. வேறொரு பக்கத்தில், வருடத்தின் பெரும்பகுதி காற்று கிழக்கு நோக்கியே வீசும் என்றும், அங்கே ஆள் இல்லாததால் பாதிப்பு இல்லை என்றும் இருக்கிறது. ஆய்வுக்கு வந்தவர்கள் விடுமுறை நாளில் வந்து, கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும். அன்று மாலை மகள் என் கடைக்கு வந்து, “கொடியில தொட்டில் துணி காயுதேப்பா, அதுகூடவா கண்ணுல படல?” என்று கேட்டாள். நான் அப்போது கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கான நினைவுப் பரிசைத்தான் செய்துகொண்டிருந்தேன். தலையை ஆட்டினேன். காதில் வாங்கியதாகச் சொல்ல முடியாது.

5. கூட்டம் வேலை நாள் ஒன்றின் காலையில், சமுதாயக் கூடத்தில் நடந்தது. தொழிற்சாலைப் பெண்கள் சிலர் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். ஜன்னல் வழியாக வெயில் திரையில் விழுந்ததால் படங்கள் சரியாகத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். காற்று எந்தப் பக்கம் எவ்வளவு வீசுகிறது என்பதைப் பூ மாதிரி வரைந்திருந்தார்கள். சில இதழ்கள் குட்டை, ஒரு இதழ் மட்டும் நீளம். கேடயத்தின் நடுவில் பொறித்தால் எடுப்பாக இருக்குமே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காற்று என் பேத்தி தூங்கும் பக்கமாகத்தான் போகிறது என்பதைக் காட்டிய இதழ் அது என்று பிறகுதான் விளங்கிற்று.

6. இந்தப் பத்தியை எழுதக் கை கூசுகிறது. தலைமை தாங்கிய அதிகாரிக்குக் கொடுப்பதற்காக ஆலை நிர்வாகம் என்னிடம் கண்ணாடியில் ஒரு மரம் செய்யச் சொல்லியிருந்தது. மேடை ஓரத்தில் காகிதத்தைப் பிரித்தபோதுதான் கவனித்தேன், அதில் “சுற்றுசூழல்” என்று பொறித்திருந்தது. நடுவில் ஒரு ‘ச்’ விட்டுப்போயிருந்தது. இத்தனை வருடத் தொழிலில் எனக்கு இப்படி நேர்ந்ததில்லை. பதறிப்போய், பெட்டியில் கட்டியிருந்த பச்சை ரிப்பனை அவிழ்த்து அந்த எழுத்துகளுக்குக் குறுக்கே கட்டி, முடிச்சு சரியாக அந்த இடத்தில் உட்காரும்படி இழுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் மைக்கில் ஒரு பெண் குரல் கேட்டது. என் மகளின் குரல். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் கேட்டது இதுதான்: “எங்க பசங்க தரையில கிடக்கறத எடுத்து வாயில வைப்பாங்க சார். ஈயத் தூசு எந்தப் பக்கம் வரும்னு மட்டும் சொல்லுங்க.” ஆலையின் பொறியாளர் எழுந்து, கவலை வேண்டாம், தூசு வடிகட்டப்படும், மிஞ்சியது போகிற பக்கத்தில் ஆளே இல்லை என்று சிரித்த முகத்தோடு சொன்னார். “அந்தப் பக்கத்துலதான் சார் நாங்க இருக்கோம்” என்றாள் என் மகள். அதற்குள் மைக்கை வாங்கிவிட்டிருந்தார்கள். முன் வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டும் கேட்டது. எழுத்துபூர்வமாகப் பதில் வரும், உட்காருங்கள் என்று தலைமை தாங்கிய அதிகாரி கூறினார். அவளுக்குப் பின்னால் டீக்கடை அம்மாவும், பஞ்சர் கடைக்காரரும், தொழிற்சாலைப் பெண்களும் பேசுவதற்காக வரிசையில் நின்றிருந்தார்கள்.

7. அப்போது ஆலையின் மக்கள் தொடர்பாளர் என் பக்கத்தில் வந்து குனிந்து, “அண்ணே, நேரமாயிடுச்சு. நீங்க வந்து பேசினாதான் கூட்டம் முடிஞ்ச மாதிரி இருக்கும்” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ரிப்பன் சரியாக உட்கார்ந்துவிட்ட நிம்மதி வேறு. மேடை ஏறினேன். தலைமைக்கு நன்றி, கூடத்தைத் தந்தவர்களுக்கு நன்றி, ஒலிபெருக்கிக்கு நன்றி, தேநீருக்கு நன்றி. “நம் ஊரைத் தேடி வந்திருக்கும் ஆலை நிர்வாகத்துக்கும்” நன்றி சொன்னேன். வரிசையில் நின்ற மகள் கண்ணில் பட்டாள். விடுவேனா? “இடையில் கேள்வி கேட்டுக் கூட்டத்தைக் கலகலப்பாக்கிய என் அன்பு மகளுக்கும்” என்று சேர்த்தேன். கூடமே சிரித்தது. மகள் சிரிக்கவில்லை.

ஐயா, நன்றியுரைக்குப் பிறகு யாரும் பேச மாட்டார்கள். அப்படிச் சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் அதுதான் எங்கும் நடைமுறை. நான் முதல் நன்றியைச் சொன்னதுமே பின்வரிசையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஒலிபெருக்கிக்காரர் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். டீக்கடை அம்மா, எழுதிக் கொண்டுவந்த தாளை எடுக்க அவிழ்த்து வைத்திருந்த பையை மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டார். வரிசை தானாகக் கலைந்தது. யாரும் அவர்களைத் தடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. போலீஸ்காரர் ஒருவர் வாசலில் இருந்தார், அவருக்கு வேலையே இல்லை. அவர் செய்திருக்க வேண்டிய வேலையை நான் செய்து முடித்துவிட்டேன்.

8. கூட்டக் குறிப்பு ஒட்டப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டு மகள் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். என் பேச்சைப் பற்றி நல்லபடியாக எழுதியிருப்பார்கள் என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. நல்லபடியாகத்தான் எழுதியிருந்தார்கள். கடைசிப் பத்தி வருமாறு: “கூட்டத்தில் எழுப்பப்பட்ட ஒரே சந்தேகத்துக்கும் உரிய விளக்கம் அளிக்கப்பட்டது. சந்தேகம் எழுப்பியவரின் தந்தையே பொதுமக்கள் சார்பில் திட்டத்தை வரவேற்று நன்றி தெரிவித்தார். வேறு எவரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.” அவள் கேட்ட கேள்வி என்ன என்று ஒரு வரிகூட இல்லை. அந்தத் தாழ்வாரத்தில் ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். மகள் படித்து முடித்துவிட்டு, ‘தந்தையே’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள். பிறகு விரலை எடுத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். நான் அவள் பின்னால் போகத் தைரியமில்லாமல், பலகையில் இருந்த மற்ற அறிவிப்புகளையெல்லாம் படித்துக்கொண்டு நின்றேன்.

9. அதற்குப் பிறகு அவள் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொள்ளும் பழக்கம் கிடையாது. யார் வீட்டில்தான் உண்டு? தண்ணீர் கொடுத்தால் குடிப்போம், அவ்வளவுதான். இப்போது நான் அவளுக்கு டம்ளரை நீட்டினால், வாங்கிக்கொண்டு, “நன்றி” என்கிறாள். பேத்தியைத் தூக்கிக் கொடுத்தால் “நன்றி” என்கிறாள். குரலை உயர்த்துவதில்லை, முகத்தைச் சுளிப்பதில்லை. யாரோ ஒரு அலுவலகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோல் சொல்கிறாள். முதல் தடவை கேட்ட அன்றே என் மனைவியிடம் முறையிட்டேன். “ஊருக்கெல்லாம் அள்ளி விட்டீங்கல்ல, இப்ப வீட்டுக்கு வருது, வாங்கிக்கோங்க” என்று சொல்லிவிட்டாள். சந்தில் யாராவது பழக்கத்தில் “என்ன நன்றியுரை, சௌக்கியமா?” என்று கேட்டால், நான் கடைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்கிறேன்.

10. இவ்வளவுக்குப் பிறகும் நான் மனு எழுதியிருக்க மாட்டேன் என்பதே உண்மை. வெட்கப்படுகிறவன் வாயைத் திறக்க மாட்டான், மூடிக்கொண்டுதான் இருப்பான். சென்ற வாரம் மக்கள் தொடர்பாளர் கடைக்கு வந்தார். ஆலைத் திறப்பு விழாவுக்குக் கேடயங்கள் வேண்டும் என்றார். விழா நாளையும் சொல்லி, அதைக் கேடயத்தில் பொறிக்கச் சொன்னார். மக்கள் கருத்து இன்னும் பரிசீலனையில் இருப்பதாகத் தங்கள் அலுவலகப் பலகை சொல்கிறது. திறப்பு நாளோ கேடயத்தில் ஏறத் தயாராக இருக்கிறது. கிளம்பும்போது அவர் என் தோளைத் தட்டி, “அன்னிக்கும் நன்றியுரை நீங்கதாண்ணே, வேற எதுவும் ஒத்துக்காதீங்க” என்றார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே என்னை மதித்துத்தான் சொன்னார். அந்த மரியாதை எப்படிப்பட்டது என்று அப்போதுதான் உறைத்தது. கேடயங்கள் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டு, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இந்த மனுவை எழுத உட்கார்ந்தேன்.

எனவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

(அ) மேற்படி கூட்டத்தில் நான் சொன்ன நன்றிகள் அனைத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதிக்க வேண்டும். அனைத்தையும் முடியாது என்றால், ஒலிபெருக்கிக்கும் தேநீருக்கும் சொன்னதை விட்டுவிடுகிறேன். ஆலைக்குச் சொன்னதையும், பொதுமக்கள் சார்பில் சொன்னதாக எழுதப்பட்டிருப்பதையும் கண்டிப்பாக நீக்க வேண்டும். பொதுமக்கள் யாரும் என்னைத் தங்கள் சார்பில் பேசச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் என் மகளைத்தான் சொல்லியிருப்பார்கள்.

(ஆ) ‘தந்தையே’ என்ற சொல்லை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் என் மகள் கேட்ட கேள்வியை அவள் கேட்ட வார்த்தைகளிலேயே எழுத வேண்டும். நான் மேலே ஆறாம் பத்தியில் எழுதியிருப்பது முன் வரிசையில் இருந்தவர்களிடம் கேட்டுச் சரிபார்த்தது. மேடை ஓரத்தில் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்த நான் அதைச் சரியாகக் கேட்கவில்லை.

(இ) தங்கள் அலுவலர் ஒருவர் அந்தக் கிடங்கை ஒரு வேலை நாளில் பார்வையிட வேண்டும். மதியத்துக்கு மேல் வந்தால் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும், பேச வசதி. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். அது அவமரியாதை அல்ல. தரையில் இருப்பதெல்லாம் வாய்க்குப் போகிற இடம் என்பதால் என் மகள் என்னையும் அப்படித்தான் உள்ளே விடுகிறாள்.

(ஈ) கருத்துக் கேட்புக் கூட்டத்தைத் தொழிற்சாலைப் பெண்கள் வரக்கூடிய ஒரு நாளில் மறுபடி நடத்த வேண்டும். வரிசையில் நின்ற எல்லோரும் பேசி முடிக்கும் வரை எவரையும் நன்றியுரைக்கு அழைக்கக் கூடாது. நான் வருவேன். நாற்காலிகள் தூக்கிப் போட ஆள் வேண்டுமென்றால் போடுகிறேன். மைக் பக்கம் போக மாட்டேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.

இன்னொன்று. குறிப்பின் நகல் கேட்கத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது, நான் செய்த கண்ணாடி மரம் அங்கே அலமாரியில் இருப்பதைப் பார்த்தேன். ரிப்பன் அப்படியே இருக்கிறது, யாரும் அவிழ்க்கவில்லை. அவிழ்த்துப் பார்த்தால் விட்டுப்போன எழுத்து தெரியும். அனுமதித்தால் எடுத்துச் சென்று சரிசெய்து தருகிறேன், கட்டணம் வேண்டாம். அல்லது ரிப்பனை மட்டும் அவிழ்த்துவிட்டு அப்படியே வைத்திருந்தாலும் சரிதான்.

இம்மனுவை என் மகளிடம் காட்டவில்லை. எங்காவது ஒற்று விட்டுப்போயிருந்தால் பொறுத்தருள வேண்டும். கையொப்பத்துக்கு மேலே, தனி வரியில், ஒரு சொல்லை எழுதி மனுவை முடிப்பது மரபு. இந்த இடத்துக்கு வந்ததும் என் கை தானாகவே அதன் முதல் எழுத்தைப் போட்டுவிட்டது. அடித்துவிட்டேன், தாளில் அந்த அடித்தல் தெரியும். அந்தச் சொல்லை என் வீட்டில் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அது என் காதில் விழாமல் நிற்கிற அன்று, நானே இரண்டாம் தளம் வரை ஏறி வந்து தங்களிடம் அதைச் சொல்கிறேன்.

இடம்: கடையின் உள்ளே
நாள்: கூட்டம் நடந்த மாதத்துக்கு அடுத்த மாதம், முதல் திங்கட்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
கேள்வி கேட்டவளின் தகப்பன்